மூன்றாம் தண்ணீர்

முருகன் தனியாக என்றால் நாற்பது ரூபாய். லெனினுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் முருகன் என்றால் எழுபத்தைந்து. கண்ணுக்குத் தெரிகிற சாமியைவிட மறைந்திருக்கிற சாமிக்கே மதிப்பு அதிகம் என்று ஞானிகள் பலர் சொல்லியிருக்கலாம். பெங்களூர் அடுகோடியில் அதற்கு ரூபாயில் விலை போட்டவள் படச்சட்டக் கடை சொர்ணம்.

சரக்கு இதுதான். சாதாரணப் படத்துக்குப் பின்பக்கம் அட்டை இருக்கும். சொர்ணம் அந்த அட்டையை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு படம், ஒரு கண்ணாடி வைத்தாள். மேலே பொதுவாக ஒரு வளையம். ஆணியில் மாட்டினால் பகலெல்லாம் லெனின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். விளக்கு வைக்கிற நேரத்தில் திருப்பினால் வேலும் மயிலும். ஊதுபத்தி வாசனை ஏன் என்று யாராவது கேட்டால், கொசுவுக்கு.

"எழுவத்தஞ்சு அநியாயம்க்கா."

"கிரிகிரி பண்ணாத. ரெண்டு கண்ணாடி போட்டிருக்கேன். சாமிக்கு ஒண்ணு, தோழருக்கு ஒண்ணு. எத எடுத்துடட்டும், நீயே சொல்லு."

இந்தக் கேள்விக்குப் பிறகு யாரும் பேரம் பேசியதில்லை.

வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே காம்பவுண்டுக்காரர்கள். உள்ளே இருந்தது பீரோ செய்கிற ஒரு தொழிற்சாலை. அதன் முதலாளி சேட்டு தொண்ணூறாம் வருஷம் கேட்டைப் பூட்டிவிட்டு பம்பாய் போய்விட்டார். தொழிலாளிகள் வெளியே உட்கார்ந்தார்கள், பட்டினி கிடந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். கடைசியில் தொழிற்சாலையும் அதன் பின்னாலிருந்த லைன் வீடுகளும் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கைக்கு வந்தன. சங்கம் கட்சியின் கையில். கட்சி, அந்தக் காம்பவுண்டைப் பொறுத்தவரை, தலைவர் ஆராவமுதனின் கையில். டெல்லியில் யார் ஆண்டாலும், விதான சௌதாவில் யார் ஆண்டாலும், 1991இல் அந்த மதில் சுவருக்குள் கம்யூனிஸ்ட் ஆட்சி.

ஆராவமுதனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் தொல்லை. சங்கக் காசில் ஒரு டீ குடிக்கமாட்டார். அறுபதை நெருங்கும் பிரம்மச்சாரி. பிரேசர் டவுனில் ஒரு மாடி அறை, ஒரு சைக்கிள், இரண்டு ஜிப்பா. பெருமாள் பெயரை வைத்துக்கொண்டு பெருமாள் இல்லை என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லஞ்சம் வாங்குகிறவனோடு பேசிப் படிய வைக்கலாம். லட்சியம் வைத்திருக்கிறவனிடம் என்ன விலை கேட்பது?

ஆட்சிக்கு வந்த முதல் வாரத்திலேயே கேட்டருகே இருந்த முனீஸ்வரன் கல் பெயர்ந்தது. கல்லை வீணாக்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த பெரிய பிரஸ் மெஷினின் ஒரு காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து ஷிப்டு தொடங்கும்போது ஒவ்வொரு தொழிலாளியும் குனிந்து அந்தக் காலைத் தொட்டு, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, அதே விரலால் கண்ணை ஒற்றிக்கொண்டான். அவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கப்பட்ட மெஷின் பெங்களூரில் வேறெங்கும் இருந்திருக்காது.

"புரட்சி நடந்த முதல் வருஷங்கள்ல லெனின் நாட்டுல என்ன செஞ்சாங்க தெரியுமா?" என்பார் ஆராவமுதன், சனிக்கிழமைக் கூட்டங்களில். "கோவில்ல தானியம் கொட்டி வெச்சாங்க. மணிய உருக்கி மெஷினுக்குப் பாகம் செஞ்சாங்க. சாமி என்ன பண்ணுச்சு? ஒண்ணும் பண்ணல."

கூட்டம் கைதட்டும். சாமி ஒன்றும் பண்ணவில்லை என்பது கூட்டத்துக்கும் தெரியும். ஒன்றும் பண்ணாமல் இருக்கத்தானே தினம் விளக்கு வைப்பது.

அந்தக் காம்பவுண்டில் சொர்ணத்தின் எழுபத்தைந்து ரூபாய்ச் சரக்கை வாங்காதவள் ஒருத்திதான். பெயர் தனக்கோடி. அவள் புருஷன் ஜெயராமன் கேட்டுக்கு வெளியே பட்டினி கிடந்தவர்களில் ஒருவன். மற்றவர்கள் எழுந்தார்கள், அவன் எழவில்லை. சங்கம் அவனைத் தியாகியாக்கி ஆபீசில் படம் மாட்டி மாலை போட்டது. தனக்கோடியை உறுப்பினராக்கி பெயின்ட் ஷெட்டில் வேலை கொடுத்தது. அவன் படுத்திருந்த நாட்களில் அவள் வேண்டாத வேண்டுதல் இல்லை. தீ மிதித்தாள். தாலியில் கோத்திருந்த பொன் குண்டைக் கழற்றி உண்டியலில் போட்டாள். ஈரப்புடவையோடு மாரியம்மன் கோவிலைச் சுற்றி உருண்டாள். உருண்டு எழுந்தபோது சேதி வந்தது. காரியம் முடிந்த மறுநாள் வீட்டிலிருந்த சாமிப் படங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய்ச் சொர்ணத்தின் கடையில் எடைக்குப் போட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரு போட்டோவுக்குச் சட்டம் போடணும்."

"பின்னாடி யார வெக்கட்டும்?"

"யாரும் வேணாம்."

"கண்ணாடி மேல பொட்டாவது வெச்சுத் தரேன். செத்தவங்களுக்கு வெக்கிறதுதான. அதுக்குக் காசு இல்ல."

"அட்டை போட்டுக் குடுக்கா. செத்துப்போன ஆளு. சாமி இல்ல."

முப்பத்தைந்து சொன்னாள் சொர்ணம். தனக்கோடி முப்பதுக்கு முடித்தாள். சாமியை விட்டவளாக இருந்தாலும் பேரத்தை விட்டவள் இல்லை என்பதில் சொர்ணத்துக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஆக, ஆராவமுதனின் ஆட்சியில் ஆராவமுதன் சொன்னபடி இருந்த குடி அவள் ஒருத்திதான்.

டிசம்பர் கடைசியில் டிவியில் காட்டினார்கள், மாஸ்கோவில் செங்கொடி இறங்குவதை. ஆராவமுதன் படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். படிப்பறை என்பது லைனில் இருந்த முப்பத்தாறு வீடுகளில் ஒன்று. ஆட்சி வந்ததும் புத்தகங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வெளியே பாதிப் பேர் கவலையோடு நின்றார்கள், மீதிப் பேர் அவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று வீட்டில் லெனினைத் திருப்பி வைத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் காலை அவர் கண் வீங்கி வெளியே வந்தார்.

"ஏன் விழுந்துது தெரியுமா?" என்றார். "பாதிரிங்கள மறுபடி உள்ள விட்டாங்க. போனா போவுதுன்னு விட்டாங்க. வீட்டுக்கு வீடு படம் மாட்டினாங்க. நாம விடப் போறதில்ல."

சட்டதிட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அறிவுக் குழு வீடு வீடாக வரும். மார்ச் மாதப் பொதுக்குழுவில் வீடுகள் அவரவர் பெயருக்கு நிரந்தரமாக எழுதித் தரப்படும். மூடநம்பிக்கைச் சின்னம் காணப்பட்ட வீட்டுக்கு அது கிடையாது, வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு விஷயம் உடனே உறைத்தது. படிப்பறை போக மீதி வீடு முப்பத்தைந்து. உறுப்பினர் குடும்பம் முப்பத்தாறு. வெளியே நின்ற அந்த ஒருவன் பிரஸ் மெஷின் ஓட்டும் சீனு. புதிதாகக் கல்யாணம் ஆனவன். ஜோகுபாளையத்தில் அண்ணன் குடும்பம் இருக்கும் ஒற்றை அறையில், நடுவே சேலையைக் கட்டித் தொங்கவிட்டு அந்தப் பக்கம் குடித்தனம் நடத்தினான். அந்தச் சேலைக்கு இந்தப் பக்கம் அண்ணனின் மூன்று பிள்ளைகள் தூங்காமல் படுத்திருக்கும். சீனுவுக்கு வீடு வேண்டுமென்றால் யார் வீட்டிலாவது சாமி அகப்பட வேண்டும். அறிவுக் குழுவின் தலைவனாக ஆராவமுதன் அவனையே போட்டார். அவனைவிட ஊக்கமாகத் தேடக்கூடியவன் வேறு யார்?

ஆனாலும் சீனுவுக்கு முடியவில்லை. குழு லைனுக்குள் திரும்பும்போதே பிள்ளைகள் கத்திக்கொண்டு முன்னால் ஓடும். போய்ப் பார்த்தால் வீட்டுக்கு வீடு லெனின், வீட்டுக்கு வீடு காபி. சட்டத்தைத் திருப்பிப் பார்க்கலாம்தான். சீனுவே சொர்ணத்திடம் ஒன்று வாங்கிப் போயிருந்தான். ஒருவன் திருப்ப ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று குழுவில் இருந்த ஐந்து பேருக்கும் தெரியும். லெனின் இல்லாத சுவர் தனக்கோடியுடையது மட்டும்.

"உங்க ஊட்ல லெனின் படம்கூட இல்லியேக்கா."

"எனுக்கு யாரு படமும் வேணாம் சீனு. அவரு ஒருத்தரு போதும்."

சீனு ஜெயராமனின் படத்தை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அட்டை. அந்த லைனில் அவன் துணிந்து திருப்பிய படம் அது ஒன்றுதான்.

பிப்ரவரி கடைசியில் தனக்கோடியின் மகள் வீணாவுக்கு ஜுரம் வந்தது. ஒன்பது வயசுப் பெண். மூன்றாம் நாள் நெற்றியிலும் மார்பிலும் முத்து முத்தாகக் கிளம்பியது. தனக்கோடி டாக்டரிடம் தூக்கிப்போனாள், மாத்திரை வாங்கினாள், வந்து பிள்ளை கேட்ட ரசத்தை வைத்துக் கடுகு தாளித்தாள். கடுகு வெடித்த வாசனை லைன் முழுக்கப் போனது. அடுத்த வீட்டு ருக்கு ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"இன்னா காரியம் பண்ற தனம்? அம்மா வந்துக்கிற ஊட்ல தாளிப்பாங்களா?"

"அம்மை. சின்னம்மை. பத்து நாள்ல போயிடும்னு டாக்டரு சொன்னாரு."

"பேரச் சொல்லாத. வேப்பல சொருவு வாசல்ல. எண்ணெச் சட்டிய எறக்கு."

"புள்ள ரசம் கேட்டுது, வெச்சேன்."

"கேட்டது புள்ளன்னு உனுக்கு எப்டித் தெரியும்?"

"அப்ப உங்க அம்மாதான் தாளிச்ச ரசம் கேட்டாங்கன்னு வெச்சுக்கோ."

ருக்குவுக்குச் சிரிப்பு வரவில்லை. குரலை இறக்கினாள். "எகத்தாளம் வேணாம். உனுக்கு நம்பிக்க இல்ல, போவுது. எனுக்கு ரெண்டு புள்ள இருக்குது. மரியாத குடுக்காத ஊட்ல அவ எத்தினி நாளு நிப்பா? கோவிச்சுகினு பக்கத்து ஊட்டுக்குத்தான் வருவா."

"பயமா இருந்தா உன் வாசல்ல கட்டு வேப்பல."

ருக்கு நிலைப்படியைப் பார்த்தாள், லைனின் கோடியில் இருந்த படிப்பறையைப் பார்த்தாள், போய்விட்டாள். அவள் வாசலில் கட்டினால் அவள் வீடு போய்விடும்.

மறுநாள் விடிகாலையில் தனக்கோடி குழாயடியிலிருந்து வந்தபோது அவள் வாசலில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். அதற்கடுத்த நாள் இரண்டு கொத்து. அதையும் பிடுங்கினாள். லைனில் ஆளாளுக்கு வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு அரிப்பு தாங்கவில்லை. தூங்க வைத்துவிட்டுத் தனக்கோடி மெடிக்கல் ஷாப்புக்குப் போய் ரோஸ் நிற மருந்துத் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்தாள். திரும்பி வரும்போது வாசல் தோரணம் கட்டின கல்யாண வீடு மாதிரி இருந்தது. நிலை முழுக்க வேப்பிலை, நடுவே மஞ்சள் துணி, கீழே சொம்பில் மஞ்சள் தண்ணீர். எதிரே அறிவுக் குழு நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் அன்றைக்கு முன்னால் ஓடிவந்து கத்தவில்லை. அம்மாமார்கள் உள்ளே பிடித்து வைத்திருந்தார்கள்.

"நான் கட்டல சீனு."

"உங்க வாசல்ல இருக்குதேக்கா."

"வாசல் என்துதான். எல என்து இல்ல. எனுக்கு எதுலயும் நம்பிக்க இல்லன்னு உனுக்கே தெரியும்."

"தெரியும்க்கா," என்றான் சீனு. தொலைந்த பர்ஸ் அடுத்தவன் பையிலிருந்து கிடைத்தவன் மாதிரி, சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். "கண்ல பட்டதத்தான் குழு எழுதணும். சும்னே எழுதல."

சாட்சிக்கு ஒரு கொத்து வேண்டியிருந்தது. பறிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றினான். நுனியாகப் பார்த்துக் கிள்ளினான். குழுவின் மற்ற நால்வரும் அவன் கழற்றியதைப் பார்த்துத் தாங்களும் கழற்றினார்கள்.

பொதுக்குழு பிரஸ் ஷெட்டில் நடந்தது. தியாகி ஜெயராமனின் படத்தை ஆபீசிலிருந்து கொண்டுவந்து புது ரோஜா மாலையோடு மேஜை மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு தட்டில் வாடிப்போன வேப்பிலைக் கொத்து. பார்த்தால் படையல் மாதிரிதான் இருந்தது, ஆனால் அது சாட்சியம். உறுப்பினர்கள் முன்னால், பெண்கள் பின்னால் தரையில். தனக்கோடி மட்டும் நின்றாள்.

"தோழர் தனக்கோடி தான் கட்டலன்னு சொல்றாங்க," என்றார் ஆராவமுதன். "வேற யாராவது கட்டியிருந்தா இப்ப சொல்லலாம்."

ருக்கு தன் கால் மெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். தனக்கோடி அவளையே பார்த்தாள். ஒரு பெயர் சொன்னால் போதும். ஆனால் ருக்கு மறுப்பாள், ருக்குவின் புருஷன் மறுப்பான், லைன் மொத்தமும் மறுக்கும். அது அவளுக்கும் தெரியும். நேரடியாகப் பெரிய சரக்கையே எடுத்து வைத்தாள்.

"யாரு கட்டினாங்கன்னு கேக்காதீங்க தோழர். எந்திரிச்சு வாங்க, இப்பவே போவலாம். எந்த ஊட்டுக்கு வேணா நீங்களே கூட்டினு போங்க. செவுத்துல இருக்கிற லெனின எடுத்துத் திருப்பிப் பாருங்க."

ஷெட்டின் கூரைச் சட்டத்திலிருந்து ஒரு பல்லி சத்தம் கொடுத்தது. முப்பத்து நாலு குடும்பத்து விரல்களும் தாமாகவே தரையைத் தட்டின. உண்மை பேசும்போது பல்லி சொன்னால் தரையைத் தட்டுவது பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். சட்டதிட்டத்துக்கு அது காத்திருக்கவில்லை. சீனுவின் விரலும் தட்டியது.

ஆராவமுதன் அதைப் பார்த்தார். எழுந்து நின்றார். கதவு பக்கத்தில்தான் இருந்தது, வீடுகள் கதவுக்கு வெளியேதான் இருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சந்தை கலைகிற நேரத்தில் கடைசிக் கூடையை வந்த விலைக்குத் தள்ளப் போகிறவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். பிறகு உட்கார்ந்தார்.

"செஞ்ச தப்ப ஒத்துக்காததோட," என்றார் மெதுவாக, "தோழர்கள் மேல அவதூறும் சேருது. ஜெயராமன் இந்தச் சங்கத்துக்கு உயிரக் குடுத்தான். அவன் படத்துக்கு முன்னால இத நான் கேட்க வேண்டியிருக்கு. தீர்மானத்துக்கு ஆதரவா இருக்கிறவங்க கைய உயர்த்தலாம்."

எண்ண வேண்டியிருக்கவில்லை. எழாத கை ஒன்றுதான், அது அவளுடையது.

அப்போது ருக்கு முன்னால் நகர்ந்து புருஷனின் முதுகில் ஏதோ முணுமுணுத்தாள். அவன் எழுந்தான்.

"உடனே காலி பண்ணச் சொல்ல வேணாம் தோழர். புள்ளைக்கு உடம்பு சரியில்ல. வியாழக்கிழம வரைக்கும் டயம் குடுக்கலாம்."

"ஆமா தோழர், வியாழக்கிழம," என்று நாலைந்து குரல்கள். "அதுக்கு முன்னாடி வேணாம்."

தொழிலாளி வர்க்கத்தின் மனிதாபிமானம் என்று ஆராவமுதன் இதை மெச்சினார். மருத்துவக் காரணங்களை முன்னிட்டு வியாழன் வரை அவகாசம் என்று எழுதச் சொன்னார். அம்மை கண்ட பிள்ளைக்கு வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்று முறை ஊற்றுவார்கள். மூன்றாம் தண்ணீரோடு அம்மன் இறங்கிப் போய்விடுவாள். அதுவரை அந்த உடம்பை வாசல் தாண்டி அனுப்பினால் அனுப்பினவர்கள் குடும்பத்துக்கு ஆகாது. முதல் இரண்டு தண்ணீரை ருக்கு தன் வீட்டுக் கொல்லையிலேயே, பிள்ளையின் பெயரைச் சொல்லித் தரையில் ஊற்றி முடித்திருந்தாள். மூன்றாவது வியாழக்கிழமை. ஷெட்டில் இது தெரியாதவர் அவர் ஒருவர்தான்.

புதன்கிழமை சாயங்காலம் அவர் தனக்கோடியின் வீட்டுக்கு வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். வாசலில் இலை அப்படியே இருந்தது. பிடுங்குவதை அவள் நிறுத்திவிட்டிருந்தாள். வீணா பாயில் உட்கார்ந்து சொறியாமல் இருக்கக் கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தாள். ஆராவமுதன் அவளுக்கு ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார்.

"யாரு கட்டினாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா தோழர்?" என்றாள் தனக்கோடி.

"தெரியும்."

"லெனினுக்குப் பின்னாடி இன்னா இருக்குதுன்னு?"

"சொர்ணம் கடை வழியாத்தாம்மா தினம் சைக்கிள்ல வரேன்."

"தெரிஞ்சுமா?"

அவர் பழத்தோலை ஒழுங்காக அடுக்கினார். "முப்பத்தஞ்சு பேரையும் வெளிய அனுப்பினா சங்கம் எங்க இருக்கும்? ஒருத்தரையும் அனுப்பலன்னா சட்டம் எங்க இருக்கும்? யாராவது ஒருத்தர்தான் போகணும். நம்பறவன் போனான்னா நேரா கோவில் வாசல்ல போய் உக்காருவான். சாமி காப்பாத்தலன்னு அழுவான். இல்ல காப்பாத்தும்னு அழுவான். நீங்க ஒருத்திதாம்மா இங்க நெஜமாவே நம்பாதவங்க. உங்களாலதான் இத வேற எதுவும் கலக்காம புரிஞ்சுக்க முடியும்."

தனக்கோடி பழத்தோலை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "புரியுது," என்றாள். "மாரியம்மன் கோவில்ல உருண்டு எழுந்தப்பவும் இப்டித்தான் புரிஞ்சுது."

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். லைன் முடியும்வரை ஏறவில்லை.

வியாழக்கிழமை ஆண்கள் ஷிப்டுக்குப் போனதும் பெண்கள் வந்தார்கள். லைன் மொத்தமும். பித்தளை அண்டாவில் காலையிலிருந்து வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர், கூழ், இளநீர், மஞ்சள் நிறத்தில் புதுப் பாவாடை சட்டை. தனக்கோடி மூட்டை கட்டிக்கொண்டிருந்தவள் வந்து வாசலை மறித்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"தண்ணி ஊத்தாம அனுப்பக் கூடாது," என்றாள் ருக்கு. "நீ தள்ளிக்கோ தனம். உன்கிட்ட எங்களுக்குப் பேச்சு இல்ல. நாங்க அம்மாகிட்ட வந்துக்கிறோம்."

பின்னால் வீணா எட்டிப் பார்த்தாள். பத்து நாளாக எந்தப் பிள்ளையும் அவளோடு விளையாட வரவில்லை, எந்தப் பெண்ணும் அவளிடம் பேசவில்லை. இப்போது லைனே திரண்டு அவளுக்காகப் புதுப் பாவாடையோடு நிற்கிறது. அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்துத்தான் தனக்கோடி தள்ளிக்கொண்டாள்.

மணையில் உட்கார வைத்தார்கள். சொம்பு சொம்பாக ஊற்றினார்கள். துடைத்து, உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். கூழை ஊட்டினார்கள். பிறகு ஒவ்வொருத்தியாகக் காலில் விழுந்தார்கள்.

"கோவிச்சுக்காத தாயே. எங்க மேல தப்பு இல்ல. ஊடு போனா புள்ளகுட்டியோட நாங்க எங்க போவோம்?"

"எங்க புள்ளைங்கள ஒண்ணும் பண்ணிடாத தாயே."

"கொற வெக்காம அனுப்பறோம், சந்தோசமா போயிட்டு வா."

"நான் போவல அத்த," என்றாள் வீணா. "இங்கியே இருக்கேன்."

சொம்பு ஒன்று கீழே விழுந்து உருண்டது. காலில் விழுந்திருந்தவள் எழவே பயந்து அப்படியே கிடந்தாள். குங்குமம் வடிந்த அந்த முகம் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது. பேசியது பிள்ளைதானா என்று கேட்க அங்கே யாருக்கும் தைரியம் இல்லை. ருக்கு பிள்ளையின் தாடையைப் பிடித்தாள்.

"அப்டிச் சொல்லக் கூடாது கண்ணு. போறேன்னு சொல்லு. மூணு தரம் சொல்லு."

"ஏன்?"

"சொல்லும்மா. தாயே, சொல்லு. உனுக்கு இன்னும் கூழு தரேன்."

வீணா அம்மாவைத் தேடினாள். தனக்கோடி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்து நாலு பெண்கள் கைகூப்பி அவள் மகளைக் கெஞ்சுவதை, இந்தக் கெஞ்சலில் பத்தில் ஒரு பங்கு அன்றைக்கு ஷெட்டில் ஒரு வாயிலிருந்து வந்திருந்தால் போதும் என்பதை, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கிறேன் என்று இன்னும் ஒரு தரம் சொல்லச் சொல்லலாம். சொன்னால் இந்தக் கூட்டம் உயிரோடு வீடு போய்ச் சேராது. ஆனால் வீடும் கிடைக்காது.

"சொல்லுடி," என்றாள். "பாவம், அவங்களுக்குப் பயமா இருக்குது."

"போறேன்," என்றாள் வீணா. "போறேன். போறேன்."

குலவைச் சத்தம் மதில் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஷெட்டில் பிரஸ் மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. வீட்டுக்கு ஒரு ரூபாயாகத் தட்டில் காணிக்கை போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல், பார்க்கக் கூடாது என்பதால் பார்க்காமல், பெண்கள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தனக்கோடி போக வேண்டிய இடம் ஜோகுபாளையம். அவள் வீட்டுக்கு வருவதற்காகச் சீனு காலி செய்கிற பாதி அறையை அவன் அண்ணன் வாடகைக்கு விடுவதாகச் சொல்லியிருந்தார். சேலை அப்படியே தொங்குகிறதாம், அதற்குத் தனியாக ஒன்றும் கேட்கவில்லையாம். டெம்போக்காரன் ஐம்பதில் ஆரம்பித்தான். அம்மை கண்ட பிள்ளை, பாத்திரம் பண்டம், நாற்பதுக்கு மேல் முடியாது என்று தனக்கோடி நின்றாள். சாமான் ஏறியது. புதுப் பாவாடையோடு வீணா முன் சீட்டில் ஏறினாள். தனக்கோடி காணிக்கைத் தட்டை அப்படியே எடுத்து டெம்போக்காரன் மடியில் கவிழ்த்தாள். அவன் எண்ணினான்.

வரவு முப்பத்து நாலு. வாடகை நாற்பது. ஆறு ரூபாய் பாக்கி.